கல்யாணத்தில் தொடங்கும் காதல் கதை: டோனிகாவா பார்க்கப் போகிறவர்களுக்கு

டோனிகாவா என்ற ஜப்பானிய அனிமேஷன் (அனிமே) தொடரை முதல் தடவை நான் பார்த்த விதமே தப்பு. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் உட்கார்ந்து, பன்னிரண்டு எபிசோடையும் இரவுச் சாப்பாட்டுக்குள் முடித்துவிடுவது என்று இறங்கினேன். ஐந்தாவதில் திகட்டியது. எட்டாவதில், இந்த இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு சண்டைகூட வராதா என்று எரிச்சலே வந்தது. முடித்த கையோடு நண்பனுக்கு ஒரே வார்த்தையில் விமர்சனம் அனுப்பினேன்: "ஜீரா."

இரண்டு வருஷம் கழித்து என் மனைவி முதுகுவலியால் சில வாரம் படுக்கையில் இருக்க வேண்டி வந்தது. இரவு சாப்பிட்டதும் ஒரு எபிசோட், அதற்கு மேல் இல்லை என்று அதையே மறுபடி போட்டோம். அதே தொடர்தான், ஒரு காட்சி மாறவில்லை. பதினோராவது நாள் அவள், "நாளைக்கு முடிஞ்சிடுமா?" என்று கேட்டபோதுதான் முதல் தடவை நான் எங்கே சறுக்கினேன் என்று புரிந்தது.

இது ஒரு குடித்தனத்தின் கதை. குடித்தனத்தை ஒரே நாளில் நடத்தி முடிக்க முடியாது. எனவே முதலில் செய்ய வேண்டியது இதுதான்: ஒரு நாளைக்கு ஒன்று, மிஞ்சிப்போனால் இரண்டு. ஒவ்வொன்றும் சுமார் 24 நிமிடம். இரண்டு வாரத்தில் முதல் சீசன் முடிந்துவிடும்.

கதை எங்கே தொடங்குகிறது

ஜப்பானியத் தலைப்பு 'டோனிகாகு கவாயீ'. 'என்ன சொன்னாலும் சரி, அவள் அழகுதான்' என்கிற தொனியில் வரும் பேச்சு அது. அதைச் சுருக்கித்தான் டோனிகாவா. ஹாத்தா கென்ஜிரோ வரைந்த மாங்கா (ஜப்பானியப் படக்கதை), 2018 பிப்ரவரியில் 'ஷோனென் சண்டே' வார இதழில் தொடங்கியது. அதற்கு முன் அவர் 'ஹயாத்தே நோ கொத்தோகு' என்ற நகைச்சுவைத் தொடரை 2004 முதல் 2017 வரை அதே இதழில் வரைந்தவர். அந்தக் கேலிக் குணம் இதிலும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. முழுக்க முழுக்கப் பூவும் காற்றுமாக இருக்காது.

பையனின் பெயர் நாசா. யுசாகி நாசா. எழுதும்போது 'விண்மீன் வானம்' என்று பொருள் தரும் கான்ஜி எழுத்துகள் (ஜப்பானியர் சீனத்திலிருந்து எடுத்துக்கொண்டவை). படிக்கும்போது அமெரிக்க விண்வெளி நிறுவனத்தின் பெயர். சின்ன வயதில் எல்லோரும் கிண்டல் செய்ய, "அந்த நாசாவைவிட என் பெயர் பிரபலமாகட்டும்" என்று வெறியோடு படித்து முதல் மாணவனாகிறான். நமக்கு இதில் ஒரு லாபம்: சப்டைட்டில் இல்லாமலே இந்த ஜோக் புரியும்.

உயர்நிலைப் பள்ளி நுழைவுத் தேர்வு நேரம். பனி பெய்யும் ஓர் இரவில் சாலைக்கு அந்தப் பக்கம் ஒரு பெண்ணைப் பார்க்கிறான். பார்த்தபடியே சாலையில் கால் வைக்கிறான். லாரி வருகிறது. குறுக்கே வந்து அடியைத் தானும் வாங்கிக் காப்பாற்றியவள் அவள்தான். தலையெல்லாம் ரத்தம் வழிய அவன், நடந்து போகும் அவள் பின்னாலேயே பேருந்து நிறுத்தம்வரை தள்ளாடிப் போய்க் காதலைச் சொல்கிறான். அவள், கல்யாணம் செய்துகொண்டால்தான் சேர்ந்து பழகுவேன் என்கிறாள். சரி என்கிறான். மயங்கி விழுகிறான். கண் விழிக்கும்போது அவள் இல்லை. பெயர் மட்டும் தெரியும்: ட்சுகாசா.

பள்ளியை விட்டுவிடுகிறான், வேலைக்குப் போகிறான், தனியாக ஒரு சின்ன வீட்டில் இருக்கிறான். பதினெட்டு வயதான அன்று வாசலில் அவள் நிற்கிறாள், கல்யாணப் பதிவுப் படிவத்தோடு.

இத்தனையும் முதல் எபிசோடிலேயே முடிந்துவிடுகிறது. மற்ற காதல் தொடர்களில் கையைப் பிடிக்கவே இருபது வாரம் ஆகும். இங்கே கையெழுத்தே போட்டாகிவிட்டது. 'சேர்வார்களா, மாட்டார்களா' என்கிற பதைப்பை எதிர்பார்த்து உட்கார்ந்தால் ஏமாற்றம்தான். இரண்டாவது எபிசோடின் பெரிய நெருக்கடி என்ன தெரியுமா? வீட்டில் ஒரே ஒரு படுக்கை இருக்கிறது. இன்னொன்று வாங்க வேண்டும், கடை இந்த நேரத்தில் திறந்திருக்குமா?

எந்த வரிசையில் பார்ப்பது

வந்த வரிசையிலேயே பாருங்கள். முதல் சீசன் 2020 அக்டோபர் முதல் டிசம்பர் வரை வந்தது, 12 எபிசோட். அதன்பின் 2021 ஆகஸ்டில் 'எஸ்.என்.எஸ்.' என்று ஒரு தனி எபிசோட். ஜப்பானியர் சமூக ஊடகத்தை அப்படித்தான் சொல்வார்கள். பெயரைப் பார்த்தாலே எதைப் பற்றியது என்று தெரிந்துவிடும். 2022 நவம்பர் 22 அன்று 'செய்ஃபுக்கு' வந்தது. சீருடை என்று பொருள். பிறகு 2023 ஏப்ரல் முதல் ஜூன் வரை இரண்டாம் சீசன், மறுபடி 12. அதே ஆண்டு ஜூலையில் நான்கு எபிசோட் கொண்ட கூடுதல் பகுதி. அதில் நாசா ஒரு பெண்கள் உயர்நிலைப் பள்ளியில் பாடம் எடுக்கப் போகிறான்.

சிறப்பு எபிசோட் இரண்டையும் தவிர்த்துவிட்டுப் போனாலும் கதை புரியும். நான் தவிர்க்கச் சொல்ல மாட்டேன், இரண்டு சீசனுக்கு நடுவே வாய்க்கு இதமாக இருக்கும்.

செய்ஃபுக்கு வந்த தேதியைக் கவனியுங்கள். நவம்பர் 22, அதாவது 11/22. இந்த எண்களை ஜப்பானியத்தில் 'ஈ ஃபூஃபு' என்று படிக்கலாம். நல்ல தம்பதி என்று பொருள் வரும். அதனால் அந்த நாளை நல்ல தம்பதிகள் தினம் என்கிறார்கள். கல்யாணத்தைப் பதிவு செய்ய அன்று கூட்டம் கூடும். இந்தத் தொடருக்கு அதைவிடப் பொருத்தமான நாள் காலண்டரில் கிடையாது.

எங்கே பார்ப்பது என்றால், க்ரஞ்சிரோல் என்ற அனிமே தளத்தில். திருட்டுத் தளங்களில் எழுத்து மொழிபெயர்ப்பு கன்னாபின்னாவென்று இருக்கும். பேச்சை நம்பியே ஓடுகிற தொடருக்கு அது பெரிய நஷ்டம்.

ஜப்பானிய ஒலியிலேயே கேளுங்கள்

எழுத்தைப் படித்துக்கொண்டே படம் பார்ப்பது பழக்கமில்லாதவர்களுக்கு முதல் இரண்டு நாள் சிரமமாக இருக்கும். இருந்தாலும் ஜப்பானிய ஒலியிலேயே ஆரம்பிக்கச் சொல்வேன். ட்சுகாசாவுக்குக் குரல் கொடுத்தவர் கித்தோ அக்காரி. 'டீமன் ஸ்லேயர்' பார்த்தவர்களுக்கு நெசுக்கோவாகத் தெரிந்தவர். நெசுக்கோ வாயில் மூங்கிலைக் கடித்துக்கொண்டு முனகிக்கொண்டே இருப்பாள். இங்கே அவர் வாய் நிறையப் பேசுகிறார். நாசா, எனொக்கி ஜுன்யா. 'ஜுஜுட்சு கைசென்' தொடரின் இத்தாதோரி அவர்தான். அங்கே உயிரைக் கொடுத்துக் கத்தியவர், இங்கே மனைவி பல் துலக்குவதைப் பார்த்துத் தடுமாறுகிற கணவன்.

அதைவிட முக்கியமான காரணம் வேறு. ஆங்கில எழுத்தில் தொலைந்துபோகும் சில சொற்கள் தமிழ்க் காதுக்கு நேராக வந்து சேரும். வீட்டிலிருந்து கிளம்புகிறவர் 'இத்தெகிமாஸ்' என்பார். ஆங்கிலத்தில் 'கிளம்பினேன்' என்கிற மாதிரி ஏதோ போட்டிருப்பார்கள். சொல்லுக்குச் சொல் அதன் பொருள் என்ன தெரியுமா? போய்விட்டு வருகிறேன். நம் வீட்டில் 'போறேன்' என்று சொன்னால் அம்மா விடுவாளா? அதே கணக்குதான். உள்ளே இருப்பவர் 'இத்தெராஷ்ஷாய்' என்பார்: போய்ட்டு வாங்க. திரும்பி வந்ததும் 'தடைமா', அதற்குப் பதில் 'ஒகாஏரி': வந்துட்டீங்களா. தடைமா என்றால் நேர்ப்பொருள் 'இப்போதுதான்'. 'வந்துவிட்டேன்' என்பது சொல்லாமலே தொக்கி நிற்கிறது.

தனியாக வாழ்ந்த நாசாவுக்கு ஒகாஏரி சொல்ல ஆள் இருந்ததில்லை. இந்த நான்கு சொற்களைத் தெரிந்துகொண்டு பார்த்தால், ஒன்றுமே நடக்காத மாதிரித் தெரிகிற வாசல் காட்சிகளில்தான் தொடரின் உயிர் இருப்பது விளங்கும்.

கூப்பிடும் முறையும் அப்படித்தான். அவன் அவளை 'ட்சுகாசா சான்' என்பதும் (அந்தச் 'சான்' செல்லத்துக்கு ஒட்டுவது), அவள் அவனை 'நாசா குன்' என்பதும் கணவன் மனைவிக்குள் இன்னும் கொஞ்சம் கூச்சம் மிச்சமிருப்பதைக் காட்டும். மனைவியைக் குறிக்க அடிக்கடி 'யோமே' என்று வரும். அந்தச் சொல்லுக்கு மருமகள், புதுப்பெண் என்பதுதான் பழைய பொருள். இப்போது கணவன்மார்களும் தங்கள் மனைவியைக் குறித்துச் சொல்கிறார்கள். பிறர் மனைவியை மரியாதையாகச் சொல்ல 'ஒகுசான்'. 'ஒகு' என்றால் வீட்டின் உட்பகுதி. இல்லாள் என்ற நம் சொல்லைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முதல் தடவை யாரோ ட்சுகாசாவை ஒகுசான் என்று கூப்பிட்டதும் இருவர் முகமும் போகிற போக்கைக் கவனியுங்கள். நம் ஊரில் புதுசாய்க் கல்யாணமானவளிடம் 'உங்க வீட்டுக்காரர் எங்கே?' என்று கேட்டால் வருகிற அதே முகம்.

நடுராத்திரியில் எப்படிக் கல்யாணம் நடக்கும்?

முதல் எபிசோட் பார்த்த எல்லோரும் கேட்கிற கேள்வி இது. நம் மனக்கணக்கில் கல்யாணம் என்றால் மண்டபம், தாலி, பந்தி. பதிவு அலுவலகம் பிறகு எப்போதோ. ஜப்பானில் சட்டப்படி கல்யாணம் என்பது ஒரு தாள். 'கோன்'இன் தொதோகே' என்ற அந்தப் படிவத்தை இருவரும் நிரப்பி, இரண்டு சாட்சிகள் கையெழுத்திட்டு, நகராட்சியில் கொடுத்து ஏற்றுக்கொள்ளப்பட்டால் அவர்கள் கணவன் மனைவி. சடங்கு எதுவும் தேவையில்லை. பூசாரி முன்னால் நின்றாலும், தேவாலயத்தில் வெள்ளை உடை போட்டாலும், தாள் போகவில்லை என்றால் சட்டத்துக்கு அது கல்யாணமே இல்லை.

அந்தத் தாளைக் கொடுக்க அலுவலக நேரம் என்று ஒன்று கிடையாது. இரவோ விடுமுறையோ, நகராட்சியில் இதற்கென்று ஒரு ஜன்னல் இருக்கும். காவலர் வாங்கி வைப்பார். அடுத்த வேலைநாளில் அதிகாரி சரிபார்த்துத் தவறில்லை என்றால், கொடுத்த தேதியே கல்யாணத் தேதி. ஆகவே நாசாவும் ட்சுகாசாவும் ராத்திரியில் நடந்து போய்க் கல்யாணம் செய்துகொள்வது கதாசிரியரின் கற்பனைச் சலுகை அல்ல, யாரும் செய்யலாம். இது தெரியாமல் முதல் தடவை நான் 'லாஜிக் இல்லை' என்று முணுமுணுத்தேன்.

வயது விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உங்களுக்கு உறுத்தலாம். நாசாவுக்கு 18, ட்சுகாசா தனக்கு 16 என்கிறாள். அப்போதைய ஜப்பானியச் சட்டத்தில் ஆணுக்கு 18, பெண்ணுக்கு 16 தான் குறைந்தபட்ச வயது; இருபது நிரம்பாதவர்களுக்குப் பெற்றோர் சம்மதம் வேண்டும். 2022 ஏப்ரல் 1 முதல் அதை மாற்றி இருவருக்கும் 18 என்று ஆக்கிவிட்டார்கள். முதல் சீசன் பழைய சட்டத்தின்போது வந்தது, இரண்டாவது புதிய சட்டத்தின்போது. மாற்றியது நல்லது என்பதுதான் என் கட்சி. தொடர் இதில் எல்லை மீறுவதில்லை. கையைப் பிடிப்பதற்கே இருவரும் ஒரு எபிசோட் யோசிக்கிற ஆட்கள். இருந்தாலும் அந்த எண்ணே பிடிக்கவில்லை என்று யாராவது நிறுத்தினால் அவர்களோடு நான் வாதாட மாட்டேன்.

இன்னொன்று, குடும்பப்பெயர். ஜப்பானியத் தம்பதிகள் சட்டப்படி ஒரே குடும்பப்பெயரைத்தான் வைத்துக்கொள்ள வேண்டும். யாருடையதை வேண்டுமானாலும் தேர்ந்தெடுக்கலாம் என்று சட்டம் சொன்னாலும் மிகப் பெரும்பாலும் மாற்றிக்கொள்வது பெண்தான். இதை எதிர்த்துப் போட்ட வழக்குகளில் 2015லும் 2021லும் உச்ச நீதிமன்றம் சட்டம் செல்லும் என்றே சொன்னது. ட்சுகுயோமி ட்சுகாசா ஒரே இரவில் யுசாகி ட்சுகாசா ஆகிறாள். அப்பா பெயரின் முதலெழுத்தை இனிஷியலாகப் போட்டுப் பழகிய நமக்கு, அவள் புதுப் பெயரைச் சொல்லிப் பார்க்கும்போது வருகிற தயக்கமும் சந்தோஷமும் சட்டென்று பிடிபடாது. அந்த இடத்தில் கொஞ்சம் நின்று பாருங்கள்.

குளியலறை இல்லாத வீடு

நாசாவின் வீட்டில் குளிக்க இடமில்லை. அதனால் தம்பதி தினமும் பக்கத்திலுள்ள 'செந்தோ'வுக்குப் போகிறார்கள். செந்தோ என்றால் ஊர்ப் பொதுக் குளியல் வீடு. காசு கொடுத்து உள்ளே போய், முதலில் குழாயடியில் உட்கார்ந்து சோப்புப் போட்டு உடம்பைச் சுத்தமாகக் கழுவிவிட்டு, அதற்கப்புறம்தான் வெந்நீர்த் தொட்டியில் இறங்க வேண்டும். தொட்டி ஊறுவதற்கு மட்டும். ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனிப் பகுதி. 1968 வாக்கில் நாடு முழுக்கச் சுமார் 18,000 செந்தோக்கள் இருந்தன. வீட்டுக்கு வீடு குளியலறை வந்தபின் இப்போது 2,000க்கும் கீழே. ஆகவே இப்படி ஒரு இடத்தைக் கதையின் மையத்தில் வைப்பதே கொஞ்சம் பழைய நினைவுக்கான ஏக்கம்தான்.

கணவனும் மனைவியும் சேர்ந்து நடந்து வந்து, வாசலில் திரைச்சீலைக்கு முன் பிரிந்து, குளித்து முடித்து மறுபடி சந்தித்து, ஈரத் தலையோடு வீட்டுக்கு நடப்பது. முழுத் தொடரிலும் எனக்குப் பிடித்தது அந்த நடைதான்.

செந்தோவை நடத்துவது அரிசுகாவா குடும்பம். அக்கா ஆயா, தங்கை கானமே. வயதில் சின்னவளான கானமேதான் நாசாவுக்குக் குடித்தன ஆலோசகர். அக்காவுக்கு எதுவும் சீக்கிரம் உறைக்காது. அப்புறம் சித்தோசே என்று ஒரு பணக்காரப் பெண், அவளோடு இரண்டு பணிப்பெண்கள். இந்தக் கல்யாணத்தைப் பிரித்தே தீருவேன் என்று கிளம்புகிறார்கள். வெளிப்படையாகச் சொன்னால், சித்தோசே வரும் காட்சிகளில் சத்தம் அதிகம், சிரிப்புக் குறைவு. மூன்றாவது எபிசோடில் அவள் நுழைந்ததும் மூடிவிட்டுப் போனவர்களை எனக்குத் தெரியும். போகாதீர்கள், ஐந்தாவதுவரை பொறுங்கள்.

படுக்கையும் ஒரு விஷயம். 'ஃபுதோன்' என்பது தரையில் விரித்துக் காலையில் மடித்து அலமாரியில் வைக்கிற மெத்தை. பாய் சுருட்டி வைத்து வளர்ந்தவர்களுக்கு விளக்கம் வேண்டாம். மடித்து வைத்தால் அதே அறை கூடம், விரித்தால் படுக்கையறை. ஒரே அறையில் இரண்டு பேர், நடுவில் கதவில்லை. முதல் ராத்திரியின் அத்தனை சங்கடமும் அந்த அறையின் அளவிலிருந்து வருகிறது.

ஐந்தாவதும் எட்டாவதும்

முதல் சீசனில் ஒவ்வொரு எபிசோடுக்கும் ஒரே ஒரு சொல் அல்லது சிறு தொடர்தான் தலைப்பு: கல்யாணம், முதலிரவு, வாக்குறுதி, மோதிரம், பயணம், பெற்றோர் என்று போகும். எல்லாவற்றையும் இங்கே சொல்லிவிட்டால் நீங்கள் பார்க்க என்ன இருக்கும்? இரண்டை மட்டும் தொடுகிறேன்.

ஐந்தாவது, மோதிரம். ஜப்பானில் நிச்சயதார்த்த வைர மோதிரம் என்பது ஒன்றும் ஆதிகால வழக்கமல்ல. டி பியர்ஸ் என்ற வைர நிறுவனத்தின் விளம்பரங்கள்தான் அதைப் பரப்பி, 'மூன்று மாதச் சம்பளம்' என்று விலையையும் சேர்த்து ஊர் மனதில் ஏற்றின. இதைத் தெரிந்துகொண்டு பார்த்தால், மோதிரத்துக்கு எவ்வளவு செலவழிப்பது என்ற பேச்சு வெறும் சிக்கனப் பேச்சாகத் தெரியாது. பணம் தொடர்பாக இந்த இருவரும் பேசிக்கொள்ளும் விதம் எனக்கு ஆச்சரியம். நானும் என் மனைவியும் அந்த நிதானத்துக்கு வர ஆறு வருஷம் ஆனது, அதிலும் இன்னும் முழுசாக வரவில்லை.

எட்டாவது, பெற்றோர். கல்யாணம் முடிந்து கொஞ்ச நாள் ஆனபின்தான் மாமனார் மாமியாரைப் பார்க்க நாரா போகிறார்கள். 710ஆம் ஆண்டில் ஜப்பானின் தலைநகராக எழுந்த பழைய ஊர் அது. கோயில்களும் தெருவில் திரியும் மான்களும் பேர்போனவை. வழக்கமாக ஜப்பானிய நாடகங்களில் இந்தச் சந்திப்பு என்றால் மாப்பிள்ளை தரையில் தலை வைத்து, பெண்ணைக் கொடுங்கள் என்று கேட்பான். இங்கே எல்லாம் தலைகீழ்: மருமகள் வந்து நிற்கிறாள், அதுவும் கல்யாணம் முடிந்தபிறகு. அவளுடைய பதற்றம்தான் அந்த எபிசோட். எதற்கும் கலங்காதவள் மாதிரி அதுவரை நடந்த பெண் அங்கே தடுமாறும்போது, அவளை முதல் தடவையாக நிஜமான ஆளாகப் பார்த்தேன்.

நிலாவைக் கவனியுங்கள், ஆனால் தேடிப் படிக்காதீர்கள்

இனிமேல் சொல்லப்போவது தொடரை ஒரு படி மேலே தூக்கும் விஷயம். அதே நேரம் அதிகம் சொன்னால் கெடுக்கும் விஷயமும்கூட.

ஜப்பானியர் எல்லோருக்கும் தெரிந்த பழங்கதை ஒன்று உண்டு: மூங்கில் வெட்டுபவனின் கதை. ஜப்பானிய உரைநடைக் கதைகளில் இன்றைக்குக் கிடைப்பவற்றில் மிகப் பழையது என்று இதைச் சொல்வார்கள். ஒரு கிழவர் காட்டில் ஒளிவிடும் மூங்கிலுக்குள் ஒரு குட்டிப் பெண்ணைக் கண்டெடுக்கிறார். ககுயா என்று பெயர் வைத்து வளர்க்கிறார்கள். பேரழகி. ஐந்து பிரபுக்கள் பெண் கேட்டு வர, ஒவ்வொருவருக்கும் நடக்கவே நடக்காத ஒரு வேலையைக் கொடுத்துத் துரத்துகிறாள். பேரரசரும் மனம் பறிகொடுக்கிறார். கடைசியில் அவள் நிலாவைச் சேர்ந்தவள் என்று தெரிகிறது. ஒரு பௌர்ணமி இரவில் நிலாவிலிருந்து வந்து அழைத்துப் போகிறார்கள். போகும்போது பேரரசருக்குக் கடிதமும் சாவில்லா மருந்தும் விட்டுச் செல்கிறாள். அவளில்லாத உலகில் சாகாமல் இருந்து என்ன பயன் என்று அவர் அந்த மருந்தை, வானத்துக்கு மிக அருகிலுள்ள மலையின் உச்சியில் எரித்துவிடச் சொல்கிறார். சாவில்லாததற்கு ஜப்பானியத்தில் 'ஃபுஷி'. அதனால்தான் ஃபுஜி மலை என்று கதை பெயர்க்காரணமும் சொல்லி முடிகிறது.

முதல் எபிசோடில் பனியில் நிற்கும் ட்சுகாசாவைப் பார்த்ததும் நாசாவுக்கு ககுயாதான் நினைவுக்கு வருகிறாள். அவளுடைய பழைய குடும்பப்பெயரான ட்சுகுயோமி, ஜப்பானின் பழைய மதமான ஷின்தோ மரபில் நிலாக் கடவுளின் பெயர். முதல் சீசனின் முடிவுப் பாட்டுக்குத் தலைப்பு 'ட்சுகி தோ ஹோஷிசோரா', நிலாவும் விண்மீன் வானமும். விண்மீன் வானம் என்பது நாசாவின் பெயர் எழுதப்படும் அதே எழுத்துகள். அதாவது பாட்டுக்குக் கணவன் மனைவி பெயரையே வைத்திருக்கிறார்கள். பாட்டை ஓட்டிவிட்டுப் போகிறவர்களுக்கு இது தெரியாது. இன்னொரு பொருத்தம்: ஜப்பானின் விண்வெளி நிறுவனம் 2007இல் நிலாவுக்கு அனுப்பிய விண்கலத்துக்கு ககுயா என்றே பெயர்.

ட்சுகாசாவுக்குப் பின்னால் ஏதோ இருக்கிறது என்பதற்குத் தொடர் அங்கங்கே சின்னச் சின்னப் பொருள்களையும் வாய்தவறி வரும் சொற்களையும் போட்டுக்கொண்டே போகும். லாரி மோதியும் அவள் எப்படி எழுந்து நடந்தாள் என்று நீங்களே கேட்டிருப்பீர்கள். கேள்வியை மனதில் வைத்துக்கொண்டு நகருங்கள். அவள் பெயரைப் போட்டு இணையத்தில் தேடினால், முதல் பத்தியிலேயே எல்லாவற்றையும் உடைத்துவிடுவார்கள். நான் இரண்டாவது தடவை பார்த்தபோது மனைவியிடம் வாயைத் திறக்காமல் இருந்ததுதான் அந்த மாதத்தின் பெரிய சாதனை.

யாரோடு பார்ப்பது, எது இடிக்கும்

தம்பதியாகப் பார்த்தால் சுவை இரட்டிப்பு, தனியாகவும் பார்க்கலாம். சின்னப் பிள்ளைகளோடு வேண்டாம். ஆபாசம் என்று எதுவும் இல்லை என்றாலும் முதலிரவை வைத்துக் கேலி, குளியல் வீட்டுக் கிண்டல் எல்லாம் உண்டு; விளக்கம் சொல்லி மாளாது. பதின்ம வயதுப் பிள்ளைகளோடு பார்க்க நினைத்தால் முதல் இரண்டு எபிசோடை முன்னாடியே பார்த்து முடிவு செய்யுங்கள்.

படம் வரைந்திருக்கும் தரத்தில் பெரிய எதிர்பார்ப்பு வேண்டாம். செவன் ஆர்க்ஸ் ஸ்டுடியோ, இயக்குநர் இக்கேஹாத்தா ஹிரோஷி. வண்ணம் இதமாக இருக்கும், அசைவு சிக்கனம். பல காட்சிகளில் இரண்டு முகமும் ஒரு மேசையும்தான். சண்டைப் படங்கள் மூலம் அனிமேவுக்கு வந்தவர்களுக்கு, யாரோ பாதியில் விட்டுப்போன மாதிரி இருக்கும். இரண்டாம் சீசனில் சுற்றியிருப்பவர்களுக்கு இடம் கூடுவதால் தம்பதி இருக்கும் நேரம் குறைந்த உணர்வும் வரலாம். எனக்கு அதில் பாதி பிடித்தது, பாதி பொறுமையைச் சோதித்தது.

மாங்கா படிக்க நினைப்பவர்களுக்கு ஆங்கிலத்தில் விஸ் பதிப்பகம் 2020 முதல் வெளியிடுகிறது. அனிமே தொட்ட இடத்தைத் தாண்டி, நிலா தொடர்பான கேள்விகளுக்குப் பதில் அங்கேதான். ஆனால் அனிமே முழுவதையும் முடித்துவிட்டு அதற்குப் போங்கள். குரலோடு பழகியபின் படித்தால் பக்கத்திலேயே இருவரும் பேசுவது கேட்கும்.

இதே மாதிரி வேறு உண்டா என்று கேட்பீர்கள். நான்கு நிமிடம்கூட வராத எபிசோடுகளில் ஒரு குடித்தனத்தைக் காட்டும் 'தன்னா கா நானி ஓ இத்தெய்ரு கா வாகரானாய் கென்' 2014இல் வந்தது. அனிமே பைத்தியமான கணவன், அலுவலகம் போகும் மனைவி. இவர்கள் சண்டையும் போடுவார்கள், அதுவே ஒரு மாறுதல். 'என் கணவர் பேசுவது எனக்குப் புரியவில்லை' என்பதுதான் அந்த நீளத் தலைப்பின் பொருள். என் மனைவி தலைப்பைக் கேட்டதும், இதை முதலிலேயே போட்டிருக்கலாமே என்றாள்.